நாலு இஞ்சு நாட்டாமை

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என் மாமியார். வீட்டு வரி ரசீது என் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. மின்கட்டண அட்டையில் இன்னும் மாமனார்தான் இருக்கிறார். காலமாகிப் பல வருஷம் ஆகியும் மனிதர் யூனிட் யூனிட்டாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் யார் சொல்வது செல்லும் என்று யாராவது கேட்டிருந்தால், இந்த மூன்று பேரையும் ஒதுக்கிவிட்டு நான் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். மாடியில் படுக்கையறையையும் குளியலறையையும் மாற்றியமைக்க இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேற்குச் சுவரில், சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், மழைக்கறை படிந்து, யார் கண்ணிலும் படாமல் இறங்கும் நாலு இஞ்சு பி.வி.சி. குழாய் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு நாட்டாமை அதுதான்.

வீடு குரோம்பேட்டையில். கீழ்த்தளம் 1985-இல் மாமனார் கடன் வாங்கிக் கட்டியது. மாடி 1996-இல் இவர் பி.எஃப். பணத்தை எடுத்து எழுப்பியது. அந்தக் காலத்து வழக்கப்படி மாடியில் மூன்று படுக்கையறை. எல்லாருக்கும் சேர்த்து நடைக்கோடியில் 3 அடிக்கு 4 அடியில் ஒரு கக்கூஸ், அதை ஒட்டி 5 அடிக்கு 4 அடியில் ஒரு குளியலறை. கக்கூஸுக்குள் போகிறவர் கதவைச் சாத்துவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். சாத்திய பிறகு யோசித்தால் இடம் கொடுக்காது.

மாமியாரைக் கேட்டால் இதுவே ஆடம்பரம். அவர் மாயவரம் பக்கத்துக்காரர். திண்ணை, கூடம், முற்றம், அடுப்படி என்று நீண்டு, கொல்லையில் கிணறு, கிணற்றையும் தாண்டி வேலியோரத்தில் அந்த இடம். ராத்திரி போக வேண்டுமென்றால் அரிக்கேன் விளக்கும் வேண்டும், துணைக்கு ஆளும் வேண்டும். படுக்கையறை என்று தனியாக ஒன்று அந்த வீட்டில் கிடையாது. பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டினால் கூடம். கொல்லையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து பின்கட்டுக்கும், பின்கட்டிலிருந்து வீட்டு நடைக்கும் அந்த இடம் நகர்ந்து வந்ததை ஒரே ஆயுளில் பார்த்தவர் அவர். “இனிமே கட்டில் பக்கத்துலயேவா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

கட்டில் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் தலை தீபாவளியால் வந்தது. எங்கள் பெண்ணுக்கு ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை குணமானவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மூன்று படுக்கையறைக்கு ஒரே குளியலறை என்பதை அவர் வீட்டில் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. ஜாதகத்தில் குளியலறைக்குக் கட்டம் கிடையாது. கல்யாணச் சந்தடி அடங்கி, மிஞ்சிய பத்திரிகைக் கட்டைப் பரணில் ஏற்றப் போன இவர் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார்.

“தீபாவளிக்கு மாப்பிள்ளை எங்க குளிப்பார்?”

“குளிக்கிற இடத்துலதான்.”

“விடியக்காலை நாலு மணிக்கு, தலையில எண்ணெயோட, துண்டைக் கட்டிக்கிட்டு, நம்ம பையன் வெளிய வர்ற வரைக்கும் நடையில நிப்பாரா?”

நம் பையன் வெளியே வருவது என்பது சாதாரண விஷயமில்லை. கைப்பேசியோடு உள்ளே போகிறவன், அதில் சார்ஜ் தீர்ந்தால்தான் வெளியே வருவான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்திரிகைக் கட்டு பரணுக்குப் போகவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதிலேயே பிளான் போட உட்கார்ந்துவிட்டார்.

ஆடியில் சுவரை இடிக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால் மாதம் முழுவதும் வரைவதற்கென்றே கிடைத்தது. ஆடிக்கு அழைத்து வந்திருந்த பெண்ணும் வீட்டில் இருந்தாள், ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. முன்பக்கம் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் பத்திரிகையைத் திருப்பினால் கமோடு எந்த மூலையில் என்று இருக்கும். இவர் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், கூட்டல் கழித்தல் பிசகாது. ஆனால் இவர் போடும் பிளானில் சுவருக்குக் கனம் கிடையாது. பென்சில் கோடு எவ்வளவு கனமோ அவ்வளவுதான் சுவர். நிஜத்தில் பெரிய சுவர் 9 இஞ்சு, தடுப்புச் சுவர் நாலரை இஞ்சு, இரண்டு பக்கமும் பூச்சு, பூச்சின் மேல் டைல். இதையெல்லாம் கூட்டினால் ஒரு பீரோ வைக்கும் இடம் சுவருக்குள்ளேயே காணாமல் போய்விடும். இவர் வரைந்த மாடியில் மூன்று குளியலறை, ஒரு டிரெஸ்ஸிங் ரூம், நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் இடம் எல்லாமே இருந்தன. நடப்பதற்குத்தான் இடமில்லை.

மேஸ்திரியிடம் நீட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், காதில் பென்சில், கையில் ரசமட்டம். பத்திரிகையை வாங்கி முதலில் முன்பக்கத்தை நிதானமாகப் படித்தார். “நல்ல முகூர்த்தம் சார்” என்றார். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்கும் வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், அண்ணாந்து குழாயைப் பார்த்து, கீழே சேம்பர் மூடியைக் காலால் தட்டினார்.

“பாத்ரூமை எங்க வேணா கட்டலாம் சார். தண்ணி இங்கதான் வந்தாவணும்.”

இவருடைய முதல் பிளான்படி, பெண்ணின் பழைய அறைக்கே குளியலறை சேர்ப்பதாக இருந்தது. அது வடகிழக்கு அறை. அங்கிருந்து மேற்குக் குழாய் 14 அடி. நடுவில் நடை இருக்கிறது. கழிவுக் குழாய்க்கு வாட்டம் வேண்டும். 40-க்கு 1 என்பது மேஸ்திரி கணக்கு. 14 அடிக்கு அதுவே நாலு இஞ்சைத் தாண்டுகிறது. குழாயின் கனம் ஒரு நாலு இஞ்சு, டிராப்புக்குக் கொஞ்சம், மேலே கான்கிரீட், அதன் மேல் டைல். இங்கே குளியலறை வரப்போகிறது என்று முதலிலேயே தெரிந்தால் அந்த இடத்துத் தளத்தை மட்டும் ஒரு அடி தாழ்த்திப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்று பெயர். எங்கள் வடகிழக்கு அறைக்கு நேர்த்தளம். ஆகவே தரையைத்தான் ஒரு அடி தூக்க வேண்டும்.

“ரெண்டு படி வச்சு ஏறிப் போனா மாப்பிள்ளைக்கு மரியாதையாத்தானே இருக்கும்?” என்றார் இவர்.

“நடையையும் தூக்கணுமே சார். குழா நடைக்கு அடியிலதானே வரும்?”

இன்னொரு வழியும் சொன்னார். தளத்தைத் துளைத்துக் குழாயைக் கீழ் வீட்டுக் கூரையில் தொங்கவிட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாம். அந்தக் குழாய் போகும் பாதை சரியாகச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே. “சாம்பார் ஊத்திக்கிற நேரத்துல மேல எவனாவது தண்ணி இழுத்தா?” என்று மாமியார் கேட்டதும் அந்த வழி அடைபட்டது. சரி, கிழக்குப் பக்கமே புதுக் குழாய் இறக்கி, சேம்பர் கட்டி, வீட்டைச் சுற்றி முன்பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்? அது வாசலில் கோலம் போடும் இடத்துக்கு அடியில் போகும். இதற்கு மாமியார் வாயைத் திறக்கவேயில்லை, ஒரு பார்வை பார்த்தார். கடைசியாகத்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அந்த அறைக்கு நேர் கீழே பூஜையறை. முருகர் படத்துக்கு மேலே கமோடு. பிளான் ஒன்று அன்றோடு முடிந்தது.

பூஜையறை என்று பேச்சு வந்ததும் வாஸ்து வராமல் இருக்குமா? இவருடைய சித்தப்பா பம்மலிலிருந்து வந்தார். கைப்பேசியில் திசைகாட்டி வைத்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்தபோது வடக்கு வடக்கில்தான் இருந்தது. எங்கள் அறைக்குள் போய் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் நின்றதும் முள் ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கு ஜன்னலிலிருந்து கதவுக்கு வந்துவிட்டது. இரும்புக்குப் பக்கத்தில் காந்த முள் அப்படித்தான் செய்யும் என்று பையன் சொன்னான். “பீரோவுக்குள்ள நகை இருக்கில்ல? அதான் இழுக்குது” என்றார் சித்தப்பா. நகையெல்லாம் கல்யாணத்தோடு பெண்ணுடன் போய்விட்டது என்பதை நான் சொல்லவில்லை.

தென்மேற்கில் உள்ள எங்கள் அறை குபேர மூலை, அதைத்தான் பெரியவர்களுக்கோ புதுத் தம்பதிக்கோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். புராணத்தின்படி குபேரனுக்கு உரிய திசை வடக்கு; தென்மேற்கு நிருதிக்கு உரியது. அதனால்தான் அதை நைருதி மூலை என்கிறோம். தமிழ்நாட்டு மனை வியாபாரத்தில் எப்போதோ குபேரனைக் குடும்பத்தோடு தென்மேற்குக்கு மாற்றிவிட்டார்கள். நிருதிக்கு எங்கே இடம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அதோடு விடாமல் டேப் வைத்து அறையை அளந்தார். அகலம் 12 அடி. சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். மனையடி சாஸ்திரத்தில் 12, 13, 14, 15 எதுவும் ஆகாது. 16-க்குப் போக வேண்டும், இல்லையென்றால் 11-க்கு இறங்க வேண்டும். “பன்னெண்டுல பணம் தங்காது” என்றார். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக மாசக் கடைசியில் கையில் காசு நிற்காததற்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. அதுவரை காரணம் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

11 அடி என்றால் புத்திர பாக்கியம். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பதினொண்ணுதான்” என்றார். 12 அடியை 11 ஆக்குவது எப்படி? ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரு அடி ஆழத்தில் அலமாரி அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றார் மேஸ்திரி. ஒரு அடி ஆழத்தில் ஹேங்கரில் சட்டை மாட்ட முடியாது, தோள்பட்டை கதவில் இடிக்கும். “உங்க பேரன் ஆசைக்காக என் டிரெஸ்ஸை எல்லாம் சைடுல மாட்டணுமா?” என்று பெண் கேட்டாள். கேட்டதோடு சரி. அலமாரி வந்துவிட்டது. இப்போது அதில் பழைய பேப்பர், கல்யாண ஆல்பம், சாமி உண்டியல் இருக்கின்றன.

ஆக, புதுத் தம்பதிக்கு எங்கள் அறை. நாங்கள் பூஜையறைக்கு மேலே. குளியலறை இருக்கும் இடத்திலேயே இருக்கும். கக்கூஸுக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள தடுப்பை எடுத்து ஒன்றாக்கி, தெற்குச் சுவரில் கதவு வைத்து அந்த அறையோடு சேர்த்துவிட வேண்டியது. இது மேஸ்திரியின் யோசனை. உண்மையில் குழாயின் யோசனை. இவருக்கு மனசு ஆறவில்லை. தெற்குச் சுவரையே இடித்துவிட்டால் குளியலறை இன்னும் நாலு அடி நீளுமே என்றார்.

எதிர் வீட்டுப் பையன் சிவில் இன்ஜினியர். அவன் வந்து பார்த்து, நேராக மொட்டை மாடிக்கு ஏறினான். அந்தச் சுவருக்கு நேர் மேலே 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. “தொட்டி நிறைஞ்சா தண்ணி மட்டும் ஒரு டன், அங்கிள். அது இந்த ஒன்பது இஞ்சு சுவர்லதான் நிக்குது. ரெண்டரை அடிக்கு லிண்டல் போட்டுக் கதவு வைங்க, பரவாயில்ல. சுவரையே எடுத்தீங்கன்னா குளிக்க உள்ள போக வேண்டாம், தொட்டி தானா வந்துடும்.” அப்படியே இன்னொன்றும் சொன்னான். தேசியக் கட்டட விதித் தொகுப்பில் குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது. நம் கணக்கில் 30 சதுர அடி. எங்களுடையது தடுப்பை எடுத்தால் 33 வருகிறது. சட்டத்துக்கு மேல் மூன்று சதுர அடி இருக்கிறது என்று இவர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி காகிதத்தை நம்புகிறவர் இல்லை. மொட்டை மாடித் தரையில் உடைந்த செங்கல் துண்டால் குளியலறையை நிஜ அளவில் கோடு போட்டார். 8 அடி 4 இஞ்சு நீளம், 4 அடி அகலம். கவிழ்த்த பக்கெட்தான் வாஷ் பேசின். கமோடுக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல். “உக்காருங்க சார்” என்றார். இவர் உட்கார்ந்தார். கூட வந்த பையன் மட்டப்பலகையை நிமிர்த்திப் பிடித்துக் கதவு மாதிரி உள்பக்கம் திறந்தான். பலகை இவர் முழங்காலில் வந்து நின்றது. ஸ்டூலைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது முழங்கால் தப்பியது, பக்கெட் விழுந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கச் சொன்னால் நடையில் போகிறவர் மூக்கு உடையும். ஸ்டூல் மூலைக்கு மூலை போனது. இவரும் அதோடு போனார். கடைசியில் ஒரு இடம் அமைந்தது. முன்னால் இரண்டு அடி, பக்கத்தில் கை அசைய இடம்.

“இப்ப வலது கையை நீட்டுங்க. சும்மா நீட்டுங்க சார். எங்க எட்டுதோ அங்க பிஸ்டல் குழா வைக்கணும்.”

நடு வெயிலில், மொட்டை மாடியில், ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு இவர் காற்றில் கையைத் துழாவினார். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாருக்கு உடம்பு ஏதாவது…?” என்று என்னிடம் சைகையில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் அவர் ஒரு டம்ளரில் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கு நடுவில் பெரிய பிரச்சினை ஒன்று மிச்சமிருந்தது. குளியலறை புதுத் தம்பதி அறையோடு சேர்ந்துவிட்டால் பையன் எங்கே போவான்? ராத்திரியில் இரண்டு தடவை எழுந்துகொள்ளும் இவர் எங்கே போவார்? மாடியில் வேறு குளியலறைக்கு நாட்டாமை அனுமதி இல்லை. இவர்தான் கண்டுபிடித்தார்: “ரெண்டு கதவு!” அறையிலிருந்து ஒரு கதவு, நடையிலிருந்து இருக்கும் பழைய கதவு. யாருக்கும் குறையில்லை. உள்ளே போகிறவர் இரண்டு கதவுக்கும் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது எதிர்க் கதவின் தாழை எடுத்துவிட்டு வர வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்றார். நல்ல யோசனை என்றுதான் எல்லாருக்கும் பட்டது.

மாமியாருக்கு இருந்த ஒரே கவலை நாற்றம். மேஸ்திரி வளைந்த டிராப் ஒன்றை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றி, வளைவில் கொஞ்சம் தேங்கி நிற்பதைக் காட்டினார். அந்தத் தண்ணீர்தான் கதவு. கீழேயிருந்து காற்று ஏறாது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், எஸ் மாதிரி வளைந்த குழாய் வைத்த கழிப்பறைக்கு 1775-இல் காப்புரிமை வாங்கினார். வேலியோரத்தில் இருந்ததை வீட்டுக்குள் கூட்டிவந்தது அந்த வளைவில் நிற்கும் ஒரு சொம்புத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாசம் ஊருக்குப் போய்த் திரும்பியதும் குளியலறை நாறுகிறது என்று பினாயிலைத் தேடுகிறோமே, அந்தச் சொம்புத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். மாமியார் டிராப்பை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, “புதுசு, இப்ப நாறாது” என்றார்.

ஆவணி பிறந்ததும் இடிக்க ஆரம்பித்தார்கள். இடிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவணி, புரட்டாசி முழுக்க நாங்கள் குடித்த காபியில் செங்கல் தூள் இருந்தது. தடுப்புச் சுவர் அரை நாளில் போனது. டைல் கடை விஷயத்தையும் வேகமாகவே தாண்டிவிடுகிறேன். கடை விளக்கில் வெள்ளையாகத் தெரிந்தது வீட்டு விளக்கில் மஞ்சளாகத் தெரிகிறது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

கமோடைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 1996-இல் இந்த வீட்டில் இரண்டு கட்சி. மாமனார் குந்தும் கட்சி, இவர் நாற்காலிக் கட்சி. சமரசமாக வாங்கியது ஆங்கிலோ-இந்தியன். விளிம்பில் இரண்டு பக்கமும் கால் வைக்க அகலமான பட்டை இருக்கும். ஏறிக் குந்தவும் செய்யலாம், இறங்கி உட்காரவும் செய்யலாம். இரண்டும் சௌகரியமாக இருக்காது. நிறம் ரோஸ், அந்த வருஷத்தில் அதுதான் நாகரிகம். அதை உடைத்து எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்ல, “அப்பா வாங்கினது” என்று இவர் தடுத்துவிட்டார். உளியால் சுற்றிலும் சிமெண்டை விரல் விரலாகக் கொத்தி, ஒரு கீறல் இல்லாமல் எடுத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள்.

தரை போட்டதும் டிராப்புகளை அடைத்து, இரண்டு இஞ்சு தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு கிழித்துவிட்டு மேஸ்திரி போய்விட்டார். ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும்; மட்டம் இறங்கினால் ஒழுகல். இவர் ராத்திரி டார்ச் அடித்து மேலே கோட்டையும் கீழே சமையலறைக் கூரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு நூல் இறங்கியிருந்தது. “சுவரு குடிச்சிருக்கு சார், புதுசில்ல” என்றார் மேஸ்திரி. கூரை காய்ந்தே இருந்தது. அந்தச் சுவரில் இன்றுவரை பென்சில் கோடு இருக்கிறது, டைலுக்கு அடியில்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு மூட்டை சிமெண்ட் தார்ப்பாய்க்கு அடியில் கல்லானது. ஆட்கள் தீபாவளிக் காசு வாங்கிக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஏறுவதற்குள் டைல் இடுக்கு அடைத்து, கெய்சர் மாட்டி, புதுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் பொருத்திவிட்டார்கள். கதவுக்குப் பெயிண்ட் மட்டும் பாக்கி.

தீபாவளி விடியல். மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து மாமியார் எண்ணெய் வைத்தார். காய்ச்சிய நல்லெண்ணெய், வஞ்சனையில்லாமல் வைத்தார். “மேல போய்க் குளிங்க மாப்பிள்ளை, உங்க ரூமுக்குள்ளயே இருக்கு” என்று இவர் பெருமையாக வழியனுப்பினார். மாப்பிள்ளை போய்க் கதவைத் தள்ளினார். உள்பக்கம் தாழ்.

நடந்தது இதுதான். பாட்டி திட்டியதால் அதிசயமாக முதலில் எழுந்த பையன், நடைக் கதவு வழியாகப் போய், இரண்டு பக்கமும் தாழ் போட்டுக் குளித்து, வந்த வழியே வெளியே வந்துவிட்டான். அறைப் பக்கத்துத் தாழ் போட்டபடி இருந்தது. வேறு யாராவது என்றால் கதவை இரண்டு தட்டுத் தட்டியிருப்பார்கள், இல்லையென்றால் நடையைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மாப்பிள்ளை மரியாதைப்பட்டவர். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து, நடைக் கதவு திறந்திருப்பதைக் கண்ட இவர், மாப்பிள்ளை குளித்து முடித்துவிட்டார் என்று நினைத்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. புது டைல் தரையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றார். உள்ளே வெந்நீரில் மாமனார் சுலோகம் சொல்லிக்கொண்டே குளித்தார்.

நான் காபியோடு மேலே போனபோது மாப்பிள்ளை அங்கே இல்லை. கீழே மாமியாரின் பழைய குளியலறையில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு அவரிடம் தீபாவளி மருந்து வாங்கி நக்கிக்கொண்டிருந்தார். “வெந்நீர் நல்லா இருந்துச்சு அத்தை” என்றார். எந்தக் குளியலறை என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாமியாருக்கு மட்டும் தெரியும். தீபாவளி முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

இப்போது குளியலறைக்குள் இரண்டு கதவிலும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது: ‘எதிர்த் தாழை எடுத்துவிட்டு வரவும்.’ எல்லாரும் படிக்கிறார்கள். எனக்கு இதில் லாபம்தான். மூடிய பழைய கக்கூஸ் வாசலுக்கு எதிரில், நடையில், வாஷிங் மெஷினுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதன் தண்ணீரும் அதே நாலு இஞ்சுக் குழாயில்தான் இறங்குகிறது. மின்கட்டண அட்டையை மாற்றுவதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

மொட்டை மாடியில் இருக்கும் கமோடுதான் பாக்கி. பழைய இரும்புக்காரர் தொடமாட்டேன் என்கிறார். குப்பை வண்டியில் ஏற்ற இவர் விடமாட்டேன் என்கிறார். பக்கத்து மாடி அம்மா துணி உலர்த்த வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். ஆங்கிலோ-இந்தியன், ரோஸ் நிறம், 1996 தயாரிப்பு, கீறல் கிடையாது. மூடி மட்டும் இல்லை. உங்களில் யார் வீட்டிலாவது குந்தும் கட்சியும் நாற்காலிக் கட்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் தயங்காமல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக் கூலி நாங்களே தருகிறோம். இவர் தூங்கும் நேரம் மத்தியானம் இரண்டு முதல் நாலு.